சிறிய மண் அணை வெள்ளத்தை என்ன செய்கிறது?

மாணவர்களே, வெள்ள அனர்த்தம் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது “அணை கட்டி வெள்ளத்தைத் தடுக்கலாம்” என்ற ஒரு வரியுடன் பலர் நிறுத்திவிடுகின்றனர். அவ்வரி பிழையானதன்று. ஆனால் அதில் விளக்கம் எதுவுமில்லை. வந்த நீர் எங்கே போயிற்று, எவ்வளவு நேரம் அங்கே இருந்தது, அடுத்த மழைக்கு என்ன நடக்கும் என்பவற்றுக்கு அந்த வரி பதில் சொல்வதில்லை. மழைநீரை எந்த அணையாலும் இல்லாமற் செய்ய முடியாது. சிறிய மண் அணை செய்வது ஒரேயொரு வேலைதான். மூன்று மணித்தியாலத்தில் ஓடித் தீரவேண்டிய நீரை மூன்று நாட்களில் ஓடவைக்கிறது. இந்தத் தாமதமே வெள்ளக் கட்டுப்பாடு எனப்படுகிறது.

நமது நாட்டிலே குளக்கட்டைப் பார்க்காத மாணவர் குறைவு. எனவே மண் அணை என்றதும் குளமே நினைவுக்கு வரும். இப்பாடத்தில் நாம் முதலில் எடுத்துக்கொள்ளும் அணையோ பார்வைக்குக் குளக்கட்டைப் போன்றதாயினும் நோக்கத்தில் அதற்கு நேர்மாறானது. வெள்ளத்துக்காக மாத்திரம் கட்டப்பட்ட சிறிய மண் அணைகளைப் பெருந்தொகையாகக் கொண்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கு அவை தொடங்கிய இடத்திலிருந்தே பாடத்தை ஆரம்பிப்போம்.

வொஷிற்றா ஆற்று வடிநிலம்

ரெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதியில் ஊற்றெடுத்து, ஒக்லகோமா மாநிலத்தின் மேற்குப் பகுதியூடாகப் பாய்ந்து செவ்வாற்றுடன் கலப்பது வொஷிற்றா ஆறு. அது புல்வெளிப் பிரதேசம். குடியேறிய விவசாயிகள் புல்லை உழுது கோதுமையும் பருத்தியும் பயிரிட்டனர். 1930களில் வரட்சி வந்தபோது புல்வேர் இழந்த மண் காற்றில் பறந்தது. மழை பெய்தபோதோ அதே வெறும் மண் நீரை உட்புகவிடாது ஓடவிட்டது. வரட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணும் மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். தாவரப் போர்வை நீங்கிய நிலத்தில் இரண்டும் அடுத்தடுத்தே வரும்.

1934 ஏப்ரல் தொடக்கத்தில் இவ்வாற்றின் மேற்பகுதியில் ஹமன் என்ற சிற்றூரை வெள்ளம் தாக்கி 17 பேர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு, 1935 இல், ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கீழ் மண் பாதுகாப்புச் சேவை என்ற நிறுவனம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஹியூ ஹமண்ட் பெனற். 1944 ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் 11 ஆற்று வடிநிலங்களைத் தெரிவுசெய்து, அவற்றின் மேற்பகுதிகளிலே வேலை செய்ய இச்சேவைக்கு அதிகாரம் வழங்கியது. வொஷிற்றா அவற்றுள் ஒன்று. அதன் கிளையோடைகளுள் ஒன்றான கிளவுட் கிறீக்கில், கோர்டெல் என்னும் ஊருக்கு அண்மையில், 1948 ஜூலையில் முதலாவது அணை கட்டி முடிக்கப்பட்டது. 1954 இல் இன்னொரு சட்டம் இவ்வேலையை நாடெங்கும் விரித்தது. இன்று அந்நாட்டில் இவ்வகையான அணைகள் ஏறத்தாழ 11,800 உள்ளன. ஒக்லகோமாவில் மாத்திரம் 2,100 இற்கு மேல்.

ஆண்டுகளை மனனஞ் செய்வதைவிட 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு நிபந்தனையை நினைவில் வைத்திருப்பது கூடிய பயன் தரும். அணைக்கு மேலேயுள்ள நீரேந்துப் பரப்பில் குறைந்தது அரைவாசி நிலத்தின் சொந்தக்காரர்களாவது மண் பாதுகாப்பு முறைகளைக் கைக்கொள்ள உடன்பட்டிருந்தால் மாத்திரமே அங்கு அணை கட்டப்படும். சமவுயரக் கோட்டு உழவு, படிக்கட்டு வரம்பு, புல் நடுகை ஆகியன முதலில், அணை பிறகு. ஏன் இந்த ஒழுங்கு? மேலேயுள்ள நிலம் அரித்துக்கொண்டிருந்தால் வண்டல் வந்து அணையின் பின்புறத்தை நிரப்பிவிடும். நிரம்பிய பாத்திரத்தில் வெள்ளத்தைப் பிடிக்க இடமிருக்காது.

அணையின் அமைப்பு

இத்தகைய அணையின் குறுக்குவெட்டு முகம் ஒரு சரிவகம். உதாரணமாக 8 மீற்றர் உயரமும் 4 மீற்றர் மேல் அகலமும் உள்ள அணையொன்றை எடுப்போம். நீர்ப்பக்கச் சரிவு 1 மீற்றர் உயரத்துக்கு 3 மீற்றர் கிடை, வெளிப்பக்கச் சரிவு 1 மீற்றருக்கு 2.5 மீற்றர் எனில், அடியின் அகலம் 24 + 4 + 20, அதாவது 48 மீற்றர். மேலே ஓர் உழவு இயந்திரம் மாத்திரம் செல்லக்கூடிய கட்டுக்கு அடியில் இத்தனை அகலம் எதற்கு என்று கேட்கலாம். மண் தனது திணிவினாலேயே நீரின் தள்ளுகையை எதிர்த்து நிற்கவேண்டும். அதுமட்டுமன்றி நனைந்த மண் செங்குத்தாக நிற்காது; சரியும். மேலும், நீர் மண்ணினூடாகக் கசிந்து மறுபக்கம் வருவதற்கு எவ்வளவு நீண்ட தூரம் செல்லவேண்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் வேகம் குறையும்.

பல அணைகளில் நடுவே களிமண் அகணி இருக்கும். களிமண்ணின் துணிக்கைகள் மிக நுண்ணியவை. நீரை எளிதில் விடா. மண்ணை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. மெல்லிய படையாகப் பரப்பி, அளவான ஈரம் சேர்த்து, உருளையால் இறுக்கிய பின்னரே அடுத்த படை போடப்படும். ஈரம் குறைந்தால் மண் இறுகாது, கூடினால் சேறாகும். நமது ஊர்களில் முற்காலத்தில் மாடுகளையும் எருமைகளையும் நடக்கவிட்டு மண்ணை மிதிப்பித்ததும் இதே வேலைதான்.

வெளிப்பக்கச் சரிவின் அடியில் மணலும் சரளையும் கொண்ட வடிகால் ஒன்று அமைக்கப்படும். கசியும் நீர் மண்ணை எடுத்துச் செல்லாமல் தான் மட்டும் வெளியேற இது உதவும். படம் வரையும்போது பெரும்பாலானோர் இதனை விட்டுவிடுகின்றனர்.

இனி முக்கியமான இரண்டு வெளியேற்று வழிகளைப் பார்ப்போம். முதலாவது, அணையின் அடியாகச் செல்லும் ஒரு குழாய். அதன் உட்பக்க முனையில் நிலைக்குத்தான கொங்கிறீற்றுக் கோபுரம் ஒன்று நிற்கும். நீர் கோபுரத்தின் வாயை எட்டியதும் தானாகவே உள்ளே விழுந்து குழாய் வழியே வெளியேறும். இதிலே நீரை மறிக்கக் கதவு இல்லை. திறப்பதற்கு ஆளும் தேவையில்லை. நள்ளிரவில் மழை பெய்தாலும் அணை தன் வேலையைச் செய்யும். இரண்டாவது, அணையின் ஒரு பக்கத்தே இயற்கை நிலத்தில் வெட்டப்பட்ட, புல் வளர்ந்த அகன்ற வாய்க்கால். அது அணையின் உச்சியைவிடத் தாழ்வானது. பெருமழையில் குழாயினால் சமாளிக்க முடியாதபோது நீர் அணையின் மேலாகப் பாயாமல் இவ்வழியே சுற்றிச் செல்லும். நமது வழக்கில் இது வான்.

கோபுரத்தின் வாய்க்குக் கீழே சிறிதளவு நீர் எப்போதும் நிற்கும். அவ்விடம் வண்டல் படிவதற்காக விடப்பட்டது. கால்நடைகள் குடிப்பதும் சிறுவர்கள் மீன்பிடிப்பதும் அங்கேதான். அதற்கு மேலே, வான் மட்டம் வரையுள்ள கொள்ளளவு ஆண்டின் பெரும்பகுதியில் வெறுமையாகவே கிடக்கும். வெளியூரிலிருந்து வருபவர் அதனைப் பார்த்து, இவ்வளவு பெரிய கட்டுக்கு இவ்வளவு சிறிய குட்டையா என்று வியக்கக்கூடும். அந்த வெறுமையைப் பெறுவதற்காகவே பணம் செலவிடப்பட்டது.

கணக்கில் பார்த்தால்

நீரேந்துப் பரப்பு 4 சதுர கிலோமீற்றர் என்று கொள்வோம். ஒரு புயல்மழையில் 54 மில்லிமீற்றர் நீர் நிலத்தினுள் ஊறாமல் மேற்பரப்பில் ஓடுகிறது. அந்நீரின் கனவளவு 4,000,000 சதுர மீற்றர் × 0.054 மீற்றர் = 216,000 கனமீற்றர். மில்லிமீற்றரை மீற்றராக மாற்றாமல் விடுவதே இங்கு அடிக்கடி நேரும் தவறு.

இந்நீர் 3 மணித்தியாலத்தில், அதாவது 10,800 செக்கனில், ஓடைக்கு வருமெனில் சராசரி வீதம் செக்கனுக்கு 20 கனமீற்றர். அணை இல்லாவிட்டால் கீழேயுள்ள பாலமும் வயலும் இந்த 20 கனமீற்றரைத் தாங்கவேண்டும். அணையின் குழாய் சராசரியாகச் செக்கனுக்கு 1 கனமீற்றர் மாத்திரம் வெளிவிடுகிறது என்போம். மழைநீர் வரும் 3 மணித்தியாலத்தில் வெளியேறுவது 10,800 கனமீற்றர். மிகுதி 205,200 கனமீற்றர் அணையின் பின்னால் தங்குகிறது. முழுவதும் வெளியேற 216,000 செக்கன், அதாவது 60 மணித்தியாலம் செல்லும். நீரின் மொத்த அளவில் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் கீழேயுள்ளவர் காண்பது 20 அன்று, 1.

வரைபு வரையச் சொன்னால் நேரத்தைக் கிடையச்சிலும் பாய்ச்சல் வீதத்தைச் செங்குத்து அச்சிலும் குறிக்க. அணையில்லாத ஓடைக்கு உயர்ந்த, ஒடுங்கிய ஒரு முகடு வரும். அணையுள்ள ஓடைக்குத் தாழ்ந்த, நீண்ட கோடு வரும். இரண்டு வளையிகளின் கீழுள்ள பரப்பளவும் சமமாக இருக்கவேண்டும். ஏனெனில் அப்பரப்பளவே நீரின் கனவளவு. இந்த ஒரு குறிப்பை எழுதும் மாணவர் விடயத்தை விளங்கிக்கொண்டார் என்பதில் சந்தேகமில்லை.

நிறைந்த குளம் வெள்ளத்தைப் பிடிக்குமா?

இப்போது நமது வறண்ட வலயக் குளத்துக்கு வருவோம். கட்டு உண்டு, கட்டின் உட்சரிவில் அலையடிப்பைத் தாங்கக் கல் பதித்த அலைகரை உண்டு, துருசு உண்டு, வான் உண்டு. அமைப்பில் வொஷிற்றா அணைக்கு உறவுதான். நோக்கமோ வேறு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெய்யும் மழையைச் சேமித்து, பெரும்போகத்தின் பிற்பகுதிக்கும் சிறுபோகத்துக்கும் கொடுப்பதே குளத்தின் கடமை. துருசு மூடியிருக்கும். குளம் நிறைந்தால் ஊர் மகிழும்.

நிறைந்திருக்கும் அதே நாளில் பெருமழை வந்தால்? மேலே செய்த கணக்கில் 20 கனமீற்றர் உள்ளே வருகிறது, வைத்துக்கொள்ள இடமில்லை, ஏறத்தாழ அவ்வளவும் வான் வழியே கீழே போகிறது. குளத்தின் பரப்பு அகன்றிருப்பதால் நீர்மட்டம் வானுக்கு மேலே உயரும் நேரத்தில் ஓரளவு தாமதம் கிடைக்கும். அவ்வளவே. ஆகவே ஒக்டோபரில் வெறுமையாயிருந்து வெள்ளத்தை விழுங்கிய அதே குளம் டிசெம்பரில் அதனைச் செய்யாது. கட்டு மாறவில்லை, நீர்மட்டம் மாறிவிட்டது.

வான்கதவுகள் உள்ள பெருங்குளங்களில் இது கடினமான ஒரு தீர்மானமாகிறது. கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடு இதற்கு உதாரணம். 2018 டிசெம்பரின் பிற்பகுதியில் பெய்த பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான்கதவுகளும் திறக்கப்பட்டன. கதவுகளை எப்போது, எவ்வளவு திறந்திருக்கவேண்டும் என்பது அதன் பின்னர் பெரிதாக விவாதிக்கப்பட்டது. முன்கூட்டியே திறந்து நீரைக் குறைத்தபின் மழை பெய்யாதுபோனால் சிறுபோக வயல் காயும். பிந்தித் திறந்தால் வந்த வெள்ளத்தோடு திறந்த நீரும் சேரும். சேமிப்பும் வெள்ளக் கட்டுப்பாடும் ஒரே கொள்ளளவுக்குப் போட்டியிடுகின்றன. இதற்கு எளிய விடை இருப்பதாக எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். நம்பகமான மழை எதிர்வுகூறல் இருந்தால் தீர்மானம் எளிதாகும், இல்லாமற் போகாது.

மண் அணை எவ்வாறு உடைகிறது?

முதலில் அமுக்கம். ஆழம் h ஆகவுள்ள இடத்தில் நீரின் அமுக்கம் hρg. 6 மீற்றர் ஆழத்தில் அது 6 × 1000 × 10 = 60,000 பஸ்கால். இதிலே குளத்தின் நீளம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க. நீர் பின்னால் 200 மீற்றர் பரந்திருந்தாலும் 5 கிலோமீற்றர் பரந்திருந்தாலும் கட்டின் அடியிலுள்ள அமுக்கம் ஒன்றே. நீளம் முக்கியமாவது உடைந்த பின்னர்தான். அப்போது எவ்வளவு நீர் வெளியே வரும் என்பதை அது தீர்மானிக்கும்.

மண் அணைக்கு இரண்டு பெரும் பகைகள். ஒன்று மேல்வழிதல். வான் அடைபட்டோ போதாமலோ நீர் கட்டின் உச்சியைத் தாண்டி வெளிச்சரிவில் ஓடத் தொடங்கினால், புல்லைப் பிய்த்து மண்ணை அரித்துக்கொண்டு கீழிருந்து மேல்நோக்கி வெட்டும். கொங்கிறீற்று அணை இதனைச் சில மணித்தியாலங்கள் தாங்கக்கூடும். மண் அணை பெரும்பாலும் தாங்காது. வானில் மரக்கொம்பும் சல்வீனியாவும் அடைந்திருக்க விடக்கூடாது என்பதற்கும், சிலர் கூடுதல் நீர் தேக்குவதற்காக வானிலே மண்மூட்டை அடுக்குவது மிக ஆபத்தானது என்பதற்கும் காரணம் இதுதான்.

மற்றையது உட்புற அரிப்பு. இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதால் கூடிய கவனம் வேண்டும். கட்டினூடாகக் கசியும் நீர் மண் துணிக்கைகளைத் தன்னுடன் இழுத்துச் செல்லத் தொடங்கினால் உள்ளே சிறிய துளை உண்டாகும். துளையில் நீர் வேகமாகப் பாயும். வேகம் கூடக்கூட அரிப்பும் கூடும். ஒரு கட்டத்தில் கூரைபோலிருந்த மண் இடிந்து விழும். குழாயோ துருசோ கட்டை ஊடறுத்துச் செல்லும் இடத்தில் மண்ணும் கொங்கிறீற்றும் நன்கு ஒட்டாதிருப்பின் இது எளிதில் தொடங்கும். கட்டின் மேல் வளரும் பெருமரத்தின் வேர் உக்கினால் அதுவும் ஒரு குழாயே. எலி வளை, முள்ளம்பன்றிப் பொந்து, கறையான் புற்று ஆகியனவும் அவ்வாறே. புல் நல்லது, மரம் கூடாது என்பது இதனால்தான்.

திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளம் சிறிய அணையன்று, பழமையான பெருங்குளம். ஆயினும் மண் கட்டு உடைவதற்கு இந்நாட்டில் அதைவிடத் துயரமான உதாரணம் வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20 ஆந் திகதி அதிகாலை, மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் அது உடைந்து 120 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உட்புற அரிப்பே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. மண் கட்டு உடைவதற்கு நீர் உச்சியைத் தாண்டவேண்டும் என்ற அவசியம் இல்லை.

குளக்கட்டின் கீழே குடியிருக்கும் மாணவர்கள் ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது நன்று. கட்டின் வெளிப்பக்க அடியில் தெளிந்த நீர் சிறிதளவு கசிவது பல குளங்களில் வழமை. அந்நீர் திடீரெனக் கூடினாலோ, கலங்கி மண்ணிறமாக வந்தாலோ கட்டின் உள்மண் வெளியேறுகிறது என்பது பொருள். பெரியவர்களிடமும் கிராம அலுவலரிடமும் உடனே சொல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117. 80 ஹெக்டயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் வழங்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆகையால் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவிக்கலாம். குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்த இடங்களில் மேற்குளம் உடைந்தால் அந்நீர் அடுத்த குளத்தின் வானை நோக்கியே வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

அணைக்கும் வயது உண்டு

வொஷிற்றாவில் கட்டப்பட்ட ஆரம்பகால அணைகள் 50 ஆண்டுகளுக்கென்றே திட்டமிடப்பட்டவை. 1948 உடன் 50 ஐக் கூட்டினால் 1998. அக்காலமளவில் பல அணைகளில் உலோகக் குழாய்கள் துருப்பிடித்திருந்தன, வண்டலும் படிந்திருந்தது. 2000 ஆம் ஆண்டில் அவற்றைப் புனரமைப்பதற்கான சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

ஆனால் துருவையும் வண்டலையும்விட அணையின் கீழே நடந்த மாற்றம் பெரியது. கட்டும்போது கீழே இருந்தவை கோதுமை வயல்கள். உடைந்தாலும் இழப்பு ஒரு போகப் பயிர் என்பதால் அதற்கேற்ற அளவில் வானும் கட்டும் அமைக்கப்பட்டன. பிறகு என்ன நடந்தது? அணை சிறு வெள்ளங்களை எல்லாம் பிடித்துக்கொண்டது. ஓடைக்கரையில் பல ஆண்டுகள் நீர் ஏறவில்லை. ஏறாத நிலத்தில் வீதி வந்தது, வீடு வந்தது. வயலைக் காக்கக் கட்டிய அணை, தன் அளவு சிறிதும் மாறாமலே, உயிர்களைக் காக்கவேண்டிய அணையாயிற்று. இதனாலேயே அங்கு அணைகளைக் குறைந்த ஆபத்து, குறிப்பிடத்தக்க ஆபத்து, உயர் ஆபத்து என வகுக்கும்போது அணை உறுதியானதா என்று பார்ப்பதில்லை. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்றே பார்க்கின்றனர். உயர் ஆபத்து அணை என்றால் நாளை உடையப்போகும் அணை என்று எழுதுவது பிழை. புத்தம்புதிய, உறுதியான அணைகூட அவ்வகுப்பில் அடங்கலாம்.

சிறிய அணை பெரிய ஆற்றைக் காக்குமா?

இது 1950களில் அமெரிக்காவில் கடுமையாக விவாதிக்கப்பட்ட வினா. மேலே பல சிறிய அணைகளா, கீழே ஒரு பெரிய அணையா என்று இரு தரப்பினர் வாதிட்டனர். லூனா லியோபோல்ட், தோமஸ் மடொக் என்ற இருவர் 1954 இல் இவ்விவாதம் பற்றி ஒரு நூலே எழுதினர். நமது உதாரணத்தைக் கொண்டே இதனை விளங்கலாம். அணை கட்டுப்படுத்துவது 4 சதுர கிலோமீற்றர் நிலத்தின் நீரை. சற்றுக் கீழேயுள்ள பாலத்தின் மொத்த நீரேந்துப் பரப்பு 5 சதுர கிலோமீற்றர் எனில் நீரில் 80 சதவீதம் அணையின் பிடியில் உள்ளது. இன்னும் பல கிலோமீற்றர் கீழே, நீரேந்துப் பரப்பு 400 சதுர கிலோமீற்றராக விரிந்த இடத்திலுள்ள நகரத்துக்கு அதே அணையின் பங்கு 1 சதவீதம் மாத்திரமே. அங்கு பயன் தெரியவேண்டுமாயின் மேலேயுள்ள ஓடைகளில் இத்தகைய அணைகள் 60 வேண்டும். அப்போதும் 60 சதவீதமே. எனவே சிறிய அணை தனக்கு அண்மையிலுள்ள வயலையும் பாலத்தையும் நன்கு காக்கும். தூரத்து நகரத்துக்கு அதனை மட்டும் நம்பியிருக்க முடியாது. இரண்டு வகைக்கும் தனித்தனி வேலை உண்டு என்பதே நியாயமான விடையாகத் தோன்றுகிறது.

பயிற்சி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

1. வெள்ளக் கட்டுப்பாட்டு அணை ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாக இருப்பது ஏன்? “நீர் இல்லாததால்” என்று எழுதவேண்டாம். கோபுர வாய்க்கும் வான் மட்டத்துக்கும் இடைப்பட்ட கொள்ளளவு, கதவற்ற குழாய், அடுத்த மழை ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்துக.

2. அணையின் மேற்பக்க விவசாயி தன் நிலத்தில் ஒரு பகுதியை நீர் தேங்குவதற்காக விட்டுக்கொடுக்கிறார். பயன் அடைபவர் கீழ்ப்பக்கத்தவர். இது நீதியானதா? இதற்கு ஒரே சரியான விடை இல்லை. நட்டஈடு, பொதுநலம், மேல் விவசாயிக்குக் கிடைக்கும் கால்நடைக் குடிநீர், பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பவற்றுள் இரண்டையேனும் எடுத்து, உமது முடிவுக்குக் காரணம் காட்டுக. காரணமில்லாத முடிவு விடையாகாது.

3. ஒரே ஆழமுள்ள இரண்டு குளங்களுள் ஒன்று மற்றையதைப் பார்க்கிலும் பத்து மடங்கு நீளமானது. கட்டின் அடியில் அமுக்கம் எதில் கூட? இரண்டிலும் சமம். உடைந்தால் சேதம் எதில் கூட என்பதை வேறாக எழுதுக.

4. நீரேந்துப் பரப்பு 6 சதுர கிலோமீற்றர். மேற்பரப்பில் ஓடும் நீர் 45 மில்லிமீற்றர். அது 3 மணித்தியாலத்தில் வந்து சேர்கிறது. குழாயின் வெளியேற்றம் செக்கனுக்கு 1 கனமீற்றர். சராசரி உட்பாய்ச்சல் வீதம், 3 மணித்தியால முடிவில் தேங்கியுள்ள நீர், முழுவதும் வெளியேறும் நேரம் ஆகியவற்றைக் காண்க. விடைகள்: செக்கனுக்கு 25 கனமீற்றர், 259,200 கனமீற்றர், 75 மணித்தியாலம்.

5. நான்காம் வினாவின் அணையில் வான் மட்டம் வரை 300,000 கனமீற்றர் கொள்ளும். முதல் மழைநீர் வரத் தொடங்கி 36 மணித்தியாலத்தின் பின் அதே அளவான இரண்டாவது மழைநீர் வரத் தொடங்குகிறது. வான் பாயுமா? பாயுமெனில் எவ்வளவு? குறிப்பு: 36 ஆவது மணித்தியாலத்தில் எஞ்சியுள்ள நீர் 140,400 கனமீற்றர். அதனுடன் 270,000 ஐக் கூட்டி, அடுத்த 3 மணித்தியாலத்தில் குழாய் வழியே போகும் 10,800 ஐக் கழிக்க. 399,600 வரும். வான் வழியே செல்வது 99,600 கனமீற்றர்.